நாரை காகிதத்திலேயே நிற்கட்டும்

ஒரு வாசகர், பிப்ரவரி 3

அக்கா, மழையில் ஒற்றைக் காலில் நிற்கிறதே அந்த நாரை ஓவியம், அதை அப்படியே என் முன்கையில் டாட்டூவாகக் குத்தித் தர முடியுமா என்று கேட்டேன். "முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். வரைந்தது நீங்கள், மெஷினும் உங்கள் கையில், குத்திக்கொள்ளப் போகும் கை என்னுடையது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? கஸ்டம் வேலை என்றால் நாங்கள் கேட்பதைச் செய்து தருவதுதானே?

பிப்ரவரி 3, இரவு

நஷ்டம் உங்களுக்குத்தான். இன்றைக்கு இல்லை, ஐந்து வருடம் கழித்து.

அந்த நாரைக்கு விளிம்பே கிடையாது, கவனித்தீர்களா? 300 கிராம் பருத்திக் காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்து, ஈரம் மினுங்கும்போதே சாம்பல் நீலத்தை விட்டேன். கழுத்து எங்கே முடிகிறது, மழை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது, தண்ணீர் முடிவு செய்தது அது. அலகு மட்டும் காய்ந்த பிறகு போட்டது. அதைத் தோலில் செய்தால் கொஞ்ச வருடத்தில் மழையும் இருக்காது, கழுத்தும் இருக்காது, அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி ஒரு திட்டு இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பார்கள்.

காகிதத்தில் நிறம் மேலே கிடக்கிறது, அடியில் உள்ள வெள்ளை அதன் வழியே எழுந்து வருகிறது. வாட்டர்கலரில் நாம் வெளிச்சம் என்று சொல்வது முழுக்க அந்த வெள்ளைதான். தோலில் எல்லாம் தலைகீழ். ஊசி மையை ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலுக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறது. அதாவது நீங்கள் எப்போதும் உங்கள் மேல்தோல் வழியாகத்தான் அந்த மையைப் பார்க்கிறீர்கள், பழுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓவியம் பார்ப்பது போல. சுத்தக் கருப்பு மைகூட உள்ளே போனதும் நீலப்பச்சையாகத் தெரியும், பச்சை குத்துவது என்ற பேச்சிலேயே அது இருக்கிறது. வெள்ளையே இல்லாத இடத்தில் மழை வெளிச்சத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது?

கஸ்டம் என்பதற்கு வருகிறேன். நாரை பிடித்திருக்கிறது என்றால் நாரையைக் கேளுங்கள். அந்த நாரையைக் கேட்காதீர்கள்.

பிப்ரவரி 4

"வாட்டர்கலர் டாட்டூ என்றே ஒரு வகை இருக்கிறதே" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருக்கிறது. நானே குத்தியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஆறு வருடம் முன்பு ஒருவர் தோள்பட்டையில் ஒரு மீன் போட்டேன், கோடே இல்லாமல், ஆரஞ்சும் மஞ்சளும் தெறித்தாற்போல. அன்றைக்கு எடுத்த படம் பிரமாதம். குத்தின அன்று எடுத்தால் எல்லாப் படமும் பிரமாதமாகத்தான் இருக்கும், நிறம் இன்னும் மேல்தோலிலும் கிடக்கும், தோலும் பளபளவென்று இருக்கும். என் வேலையைப் பார்க்கிறவர்கள் புண் ஆறின பிறகு எடுத்த படத்தைக் கேளுங்கள் என்று நானே சொல்வது இதனால்தான். போன வருடம் அவர் தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார், சட்டையை ஒதுக்கிக் காட்டினார். மஞ்சள் போயே போய்விட்டது, ஆரஞ்சு பாதி. மீனின் கண்ணுக்கு மட்டும் அன்றைக்குக் கருப்பு வைத்திருந்தேன், அது அப்படியே இருந்தது. மீன் இல்லை, கண் மட்டும் என்னை முறைத்துக்கொண்டு இருந்தது. காசு வாங்காமல், அடியில் கருப்பில் எலும்புக்கூடு மாதிரி ஒரு வரைவு கொடுத்து, அதன் மேல் நிறம் ஏற்றித் தந்தேன்.

பிப்ரவரி 4, அதே இரவு

"போயே போய்விட்டது" என்று எழுதியது கொஞ்சம் கூடுதல். போன வருடம் அவர் வந்தபோது எடுத்த படத்தைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன், வால் பக்கம் மஞ்சள் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அவர் வெயிலில் நின்று வேலை செய்பவர், அதுவும் ஒரு காரணம். முழுப் பழியையும் வெயில் தலையில் போட மாட்டேன்.

பிப்ரவரி 6

"ஓவியம் நன்றாக வந்தால் டாட்டூ தானாக வந்துவிடுமா?" வராது. சில சமயம் அது இடைஞ்சல்.

வாட்டர்கலரில் வெளிறிய நிறத்தை முதலில் விட்டு, காய வைத்து, கடைசியில்தான் கருமைக்குப் போவோம். டாட்டூவில் கருப்புதான் முதலில், அப்புறம் அடர்ந்த நிறங்கள், மஞ்சளும் வெள்ளையும் கடைசியில். மாற்றிச் செய்தால் துடைக்கும்போது கருப்பு மஞ்சளுக்குள் இழுபட்டு அழுக்காகிவிடும். துடைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது, வலது கைக்காரர்கள் பெரும்பாலும் கீழே வலது மூலையில் ஆரம்பித்து மேலே ஏறுவோம். ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு மையைத் துடைக்க வேண்டும், மேலிருந்து இறங்கினால் இன்னும் குத்தாத இடத்து ஊதா ஸ்டென்சில், அதாவது தோலில் முதலில் ஒட்டி எடுக்கும் மாதிரிக் கோடுகள், அந்தத் துடைப்பிலேயே போய்விடும்.

பதினோரு வருடப் பழக்கம். வீட்டில் தூரிகை எடுத்தாலும் கை தானாகக் கீழ் வலது மூலைக்குப் போகிறது, இடது கையில் பேப்பர் டவல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு தடவை ஈர வண்ணத்தை, யோசிக்கவே இல்லை, சர்ரென்று துடைத்துவிட்டேன். ஒரு மலை முழுசாகக் காணாமல் போனது. டவல் இல்லாத நேரத்தில் இடது கை காகித ஓரத்தைப் பிடித்து இழுக்கப் பார்க்கும். காகிதத்தை யாராவது இழுத்துப் பிடிப்பார்களா!

பிப்ரவரி 7

நிரந்தரம் என்கிறீர்கள், பிறகு ஏன் மங்குகிறது என்று கேட்டவருக்கு.

முதல் நாள் நான் "கொண்டுபோய் வைக்கிறது" என்று எழுதினேன் அல்லவா, அது பெட்டியில் பூட்டி வைத்த மாதிரி ஒரு எண்ணத்தைக் கொடுத்துவிட்டது. அப்படி இல்லை. உடம்புக்கு அது அந்நியப் பொருள். மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் ஓடிவந்து மைத்துகளை விழுங்குகின்றன, ஜீரணிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன. அந்தச் செல் செத்தால் மை வெளியே கொட்டும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை மறுபடி விழுங்கும். 2018-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். கையில் இருக்கும் படத்தை வருடக்கணக்கில் ஒரு செல் இன்னொரு செல்லிடம் கைமாற்றிக்கொண்டே இருக்கிறது. கோடு மெல்லத் தடிப்பதும் மங்குவதும் அதிசயம் இல்லை, இத்தனை நாள் நாரை மாதிரி தெரிகிறதே அதுதான் அதிசயம்.

பிப்ரவரி 11

சமீபத்திய வேலையைச் சொல்லச் சொன்னீர்கள். இரண்டைச் சொல்கிறேன், மற்றவை சிங்கமும் கடிகாரமும்.

முதலாவது, முழங்காலில் ஒரு அறுவைத் தழும்பு. வந்தவர் "மூடிவிடுங்கள்" என்றார். ஓராண்டு ஆகாத தழும்பில் நான் ஊசி வைப்பதில்லை, இது இரண்டு வருடத் தழும்பு, வெளுத்துத் தட்டையாகியிருந்தது. தழும்புத் தோல் நம் பேச்சைக் கேட்காது. ஓர் இடத்தில் மையை ஏற்கவே ஏற்காது, அரை விரல்கடை தள்ளி உறிஞ்சிப் பரப்பிவிடும். விரலால் தடவிப் பார்த்தால் எங்கே கெட்டி எங்கே மெத்து என்று தெரியும், அதைப் பேனாவால் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டேன். மூன்று வரைவு போட்டேன், மூன்றும் தழும்பின் மேல் எதையாவது திணித்தன. நாலாவதில்தான் புத்தி வந்தது. தழும்பையே கொடியின் தண்டாக விட்டுவிட்டு இரண்டு பக்கமும் இலைகளை மட்டும் வைத்தேன். தண்டில் ஒரு துளி மை இல்லை. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மூடச் சொன்னேன், நீங்கள் திறந்துவிட்டீர்கள்" என்றார். கோபமா என்று முதலில் புரியவில்லை. கோபம் இல்லை.

இரண்டாவது, கையெழுத்து. காலமான அம்மா எழுதின பழைய கடிதத்திலிருந்து மூன்று வார்த்தை, மணிக்கட்டுக்கு மேலே: "பத்திரமாக போய் வா." அவர் கேட்ட அளவு மிகச் சிறியது. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் இருக்கிறதே, கோடு தடிக்கத் தடிக்கச் சுழியின் ஓட்டை அடைந்துபோகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ண எழுதச் சொன்னால் மூன்று சுழிக்கும் இடம் கேட்டுத் தொல்லை செய்பவள் நான். ஸ்டென்சிலை இரண்டு அளவில் எடுத்து இரண்டு கையிலும் ஒட்டி, பத்து நிமிடம் அப்படியே நடமாடச் சொன்னேன். பெரியதைத் தேர்ந்தெடுத்தார்.

பிப்ரவரி 11, மாலை

சந்திப் பிழையைச் சுட்டிக்காட்டிய புலவர்களுக்கு: "பத்திரமாகப் போய் வா" என்று வர வேண்டும், தெரியும், நானும் அவரிடம் சொன்னேன். அம்மா எழுதினது அப்படித்தான், கைவைக்காதீர்கள் என்றார். கைவைக்கவில்லை.

மற்றபடி எழுத்துப் பிழையில் எனக்கு அனுபவம் உண்டு. ஆரம்ப காலத்தில் "மனம்" கேட்டவருக்கு "மணம்" என்று ஸ்டென்சில் ஒட்டிவிட்டேன். மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு அவர்தான் பார்த்தார். ஊசி இன்னும் தொடவில்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளரே ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்த பிறகுதான் ஊசிப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.

பிப்ரவரி 14

ஏன் எல்லாமே கருப்பு, சாம்பல்? நிறம் பிடிக்காதா? பிடிக்கும், அதனால்தான் ஓவியத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கரியை நம்பலாம். ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த மனிதரின் உடம்பில் 61 பச்சைக் குறிகள், ஏறக்குறைய 5,300 வருடத்துக்கு முந்தியவை, எல்லாம் கரிதான், இன்றும் எண்ண முடிகிறது. நிறங்களின் கதை அப்படி இல்லை. ஒவ்வாமை என்று வருபவர்களிடம் அதிகம் பார்ப்பது சிவப்பில்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மைக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஒரு நீலமும் ஒரு பச்சையும் 2023 ஜனவரியில் அதில் சேர்ந்தன. அந்த நீலம் எங்கள் தொழிலில் வானத்துக்கும் கடலுக்கும் எல்லாவற்றுக்கும் போய்க்கொண்டிருந்த நீலம். அதற்காக நிறம் கேட்பவரைத் திருப்பி அனுப்ப மாட்டேன். புட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துக் காட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

பிப்ரவரி 15

எச்சில் தொட்டு வரைகிறீர்களாமே என்று ஒருவர். பழைய டாட்டூக்காரர்கள் சுவரில் மாட்டும் மாதிரிப் படங்களை அப்படி வரைவார்கள்: கருப்பு மையில் ஒரு தூரிகை, இன்னொரு தூரிகையை வாயில் வைத்து நனைத்து, மை காய்வதற்குள் இழுத்து இளக்குவது. எச்சில் தண்ணீரைவிடக் கொழகொழப்பு, மை அதில் மெதுவாகத்தான் பரவும், அதனால் கருப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்குவது வழுவழுவென்று வரும். நானும் முயன்றிருக்கிறேன், காகிதத்தில். நாக்கு மூன்று நாள் கருப்பு. தோல் பக்கம் அந்தக் கதையே கிடையாது, பயப்படாதீர்கள்.

பிப்ரவரி 18

நாரைக்காரருக்கு முதல் நாள் சொன்ன பதிலை மறுபடி படித்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முழுசாகவும் இல்லை.

நேற்று இரவு போன ஒரு வருட ஓவியங்களைத் தரையில் பரப்பினேன். பன்னிரண்டு. பதினொன்றில் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு. இலையைச் சுற்றிக் கோடு, முகத்தைச் சுற்றிக் கோடு, மேகத்தைச் சுற்றியும், மேகத்தைச் சுற்றி யார் கோடு போடுவார்கள்? எனக்காக வரைகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருவர் தோளுக்கான ஸ்டென்சிலைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். நிற்குமா, பரவுமா, ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்ற கணக்கு காகிதத்திலும் ஓடியிருக்கிறது. காகிதம் ஆறாது, தழும்பாகாது, வெயிலில் நிற்காது. அதற்கு எதற்கு இத்தனை பாதுகாப்பு?

நாரை ஒன்றில்தான் கோடு இல்லை. அது நான் கணக்குப் போடாமல் வரைந்தது. அதை டாட்டூ ஆக்கச் சொன்னதும் எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் மேல்தோலோ மேக்ரோஃபேஜோ மட்டும் இல்லை. மறுபடி அதற்கும் கோடு போடச் சொல்கிறீர்களே என்றுதான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், எனக்கே தெரிந்திருந்தால்.

பிப்ரவரி 19

நல்ல அடி ஒன்று விழுந்திருக்கிறது. "உங்கள் மெஷினே காகிதத்திலிருந்து தோலுக்கு வந்ததுதானே?" உண்மை. எடிசன் 1876-ல் காப்புரிமை வாங்கிய மின்பேனா, நகலெடுக்கும் தாளில் ஊசியால் துளை போடும் கருவி. சாமுவேல் ஓ'ரெய்லி என்ற டாட்டூக்காரர் அதே வழியில் போய் 1891-ல் பச்சை குத்தும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

கேட்டவரே இன்னொன்றும் சொல்கிறார், ஜப்பானில் ஓவியத்திலிருந்து அப்படியே தோலுக்குப் போயிருக்கிறது என்று. அதுவும் உண்மை. 1827 வாக்கில் குனியோஷி என்ற ஓவியர், 108 வீரர்கள் வரும் சீனக் கதையை அச்சுப் படங்களாக வெளியிட ஆரம்பித்தார், வீரர்கள் உடம்பெல்லாம் டிராகனும் பூவும். சனங்கள் படத்தைப் பார்த்துத் தங்கள் முதுகில் குத்திக்கொண்டார்கள். 1872-ல் அரசு தடை போட்டது, 1948 வரை இருந்தது, அப்போதும் அந்த வடிவங்கள் சாகவில்லை. ஆனால் அவை மரத்தில் செதுக்கி அச்சடித்த படங்கள் ஐயா. கெட்டியான கருப்புக் கோடு, உள்ளே தட்டையான நிறம். உளியும் ஊசியும் பங்காளிகள், சொன்னால் புரிந்துகொள்ளும். தண்ணீர் அப்படி இல்லை. பாதி ஒப்புக்கொள்கிறேன், மீதிப் பாதிக்குச் சண்டை போடத் தயார்.

பிப்ரவரி 25

நாரைக்காரர் நேரில் வந்தார். நினைத்ததைவிடச் சின்ன வயது, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு. ஓவியத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதில் எனக்குப் பிடித்தது நாரை இல்லை போலிருக்கிறது, மழை" என்றார்.

ஸ்டென்சில் வேண்டாம் என்று அவர் கையிலேயே பேனாவால் வரைய ஆரம்பித்தேன். முன்கை உருளை மாதிரிதான், ஆனால் முறுக்கிக்கொள்ளும் உருளை. உள்ளங்கை மேலே இருக்கும்போது நேராக நிற்கும் கழுத்து, கையைத் திருப்பினால் பாம்பு மாதிரி வளையும். கையைத் தொங்கப்போட்டு நிற்கச் சொல்லி, அந்த நிலையில் வரைந்தேன், ஏனென்றால் மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறார்கள். மழைக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போது முழங்கால்காரரின் தண்டு ஞாபகம் வந்தது. நாரையைச் சுற்றிச் சாம்பல், சாம்பலுக்கு நடுவில் வெறும் தோலைச் சாய்கோடுகளாக விட்டுவிடுவது. மழை முழுக்க அவருடைய தோல்.

மார்ச் 1

முடிந்தது. மூன்றரை மணி நேரம். கருப்பை வடிநீரில் நாலு கிண்ணத்தில் நாலு வீதமாகக் கலந்துகொண்டேன், அலகும் காலும் சிறகின் ஓரமும் கலக்காத கருப்பில். விளிம்பு வேண்டாம் என்று இருந்தவள், முதுகில் மட்டும் ஒரு கோடு போட்டேன், அது இல்லாவிட்டால் பறவை படுத்துவிடும்.

மழைக்கோடுகளை விடுவது, போடுவதைவிடக் கஷ்டம். வளைந்த மேக்னம் ஊசி விசிறி மாதிரி அகலமானது, அதன் ஓரம் கொஞ்சம் சாய்ந்தால் கோடு அடைந்துவிடும், அடைந்ததை அழிக்க ரப்பர் கிடையாது. இரண்டு கோடு அப்படிப் போயிற்று. எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்.

காலில் ஒரு சம்பவம். பாதியில் தும்மிவிட்டார். கோடு ஒரு மயிரிழை வெளியே போனது. நல்லவேளை மூட்டுப் பக்கம். மூட்டைக் கொஞ்சம் புடைக்க வைத்துச் சரிசெய்தேன். நாரைக்கு அது முழங்கால் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், உண்மையில் அது கணுக்கால், முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. இவருடைய நாரைக்குக் கணுக்கால் லேசாகச் சுளுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார்.

மார்ச் 10

"அக்கா, உரிகிறது, நாரை வெளுத்துவிட்டது, பால் ஊற்றின மாதிரி இருக்கிறது" என்று இரவு பதினோரு மணிக்குச் செய்தி. மேலே புதுத்தோல் வந்துகொண்டிருக்கிறது, அது தெளிய இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும், பிய்க்காதீர்கள், சொறியாதீர்கள், நீச்சல் வேண்டாம், தூங்குங்கள். எல்லோருக்கும் இதே செய்திதான் அனுப்புகிறேன், எல்லோரும் இதே செய்தியைத்தான் அனுப்புகிறார்கள்.

மார்ச் 22

ஒரு கூத்து. குத்தின நாரையை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி வாட்டர்கலரில் வரையப் பார்த்தேன். காகிதத்தை நனைத்தேன், காத்திருந்தேன், தூரிகை போனது முதுகுக்கோட்டுக்கு. அதே கோடு, அதே வளைவு. பதின்மூன்றாவது ஓவியம், மறுபடி ஸ்டென்சில். குழாயடியில் பிடித்துக் கழுவினேன். பருத்திக் காகிதம் தாங்கியது, அடியில் நாரையின் சாயை மட்டும் நிற்கிறது. அதைக் கழுவாமல் காய வைத்திருக்கிறேன். ஒருவேளை அதுதான் வேண்டுமோ என்னவோ.

ஏப்ரல் 12

ஆறு வாரம். ஆறின படம் எடுத்தாயிற்று. முதுகுக்கோடு, அலகு, கால் எல்லாம் நன்றாக இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே இரண்டு இடத்தில் சாம்பல் சரியாகப் பிடிக்காமல் விட்டுப்போயிருக்கிறது, வெளிறிய சாம்பல் கிண்ணத்தில் நான் தண்ணீரை அதிகம் விட்டிருக்கிறேன். டச்-அப் வேண்டுமே என்றேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்தில் மழை கொஞ்சம் அதிகம், அப்படியே இருக்கட்டும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் வரட்டும், அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

ஓவியத்தை விலைக்குக் கேட்டார். அதற்கு மட்டும் பழைய பதில்தான்.